மரம் நிற்கும் இடமே மைதானம்

ஊருக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் முதலில் வந்து நிற்பது ஜேசிபி இயந்திரம். வேம்பு போகும், உடைமரம் போகும், மேடும் வரப்பும் போகும். கிராவல் கொட்டிச் சமப்படுத்திய பிறகு ஒதுங்க நிழல் இல்லாத வெட்டவெளிதான் மிஞ்சும். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் கபடிக்கும் அப்படிப்பட்ட நிலம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் விளையாட்டு என்றாலே சமதரை, சமதரை என்றாலே மரம் அகற்றுதல் என்ற பழக்கம் யாரும் கேள்வி கேட்காமலே நம் திட்டங்களில் ஊறிவிட்டது. நட்ட பனை பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய இராமநாதபுரம் மண்ணில், இந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம். மேடுபள்ளத்தையும் மரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றையே ஆட்டத்தின் சவாலாக வைத்துக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உலகில் வேகமாகப் பரவிவருகிறது. டிஸ்க் கோல்ஃப் என்பது அதன் பெயர். தமிழ்நாடு அதைப் பொது விளையாட்டாக ஏற்க வேண்டும். அதன் முதல் களங்களில் ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்து உப்பூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் அமைய வேண்டும் என்பது என் வாதம்.

ஆட்டத்தின் விதி எளிமையானது. ஃபிரிஸ்பீயைவிடச் சற்றுச் சிறிய, விளிம்பு கனத்த தட்டு ஒன்றைக் கையால் எறிய வேண்டும். பெரும்பாலான தட்டுகள் 150 முதல் 180 கிராம் எடை இருக்கும். கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைதான் இலக்கு. தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையில் சேர்ப்பவர் வெல்கிறார். பெரும்பாலான களங்களில் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக், 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். மறு ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் தொடங்கியது. சங்கிலிக் கூடையை வடிவமைத்தவரும் அவர்தான். அதற்கு முன் வெறும் கம்பங்களே இலக்கு. ஏறத்தாழ 56 லட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் இன்று ஏறத்தாழ ஆயிரம் களங்கள் உள்ளன. உலகக் களங்களில் பெரும்பாலானவற்றில் ஆடக் கட்டணமே கிடையாது. கோல்ஃபின் பெயரைத் தாங்கிய ஒரு விளையாட்டுக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

இந்த ஆட்டத்தின் முழு அருமை தெரிவது மரமடர்ந்த மலைச்சரிவில்தான். வெட்டவெளியில் வலுவான தோள் இருந்தால் போதும், தட்டு நூறு மீட்டர் போய்விடும். காட்டுக்குள் அந்த வலு பாதி வீண். எறிமேடையிலிருந்து பார்த்தால் இரண்டு மரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி தெரியும்; அதற்குப் பின்னால் பாதை வளையும்; கூடை கண்ணுக்கே தெரியாது. வலது கைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து எறியும் தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். எந்த மரத்தைத் தாண்டியபின் அந்தச் சாய்வு தொடங்க வேண்டும் என்பதை எறிவதற்கு முன்பே கணக்கிட்டாக வேண்டும். சரிவு வந்தால் கணக்கு இன்னும் இறுகும். மேல்நோக்கி எறியும்போது தட்டின் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கினாலும் காற்றில் நின்று, பக்கவாட்டில் விழுந்து, விளிம்பில் உருண்டு பள்ளத்துக்கே திரும்பிவிடும். 10 அடி ஏற்றம் என்றால் 30 அடி கூடுதல் தூரம் என்று கணக்கிடுவது ஆட்டக்காரர்களின் பொதுவழக்கு. இறக்கத்தில் இதற்கு நேர்மாறு: தட்டு அதிக நேரம் மிதக்கும், அந்த நேரமெல்லாம் சாய்ந்துகொண்டே போகும். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் உள்ள டெலவியாகா களத்தில் 27ஆம் கூடைக்கு 'உலகத்தின் உச்சி' என்று பெயர். குன்றின் தலையிலிருந்து கீழே எறிய வேண்டிய அந்த இடத்தில் வலிமையை நம்புகிறவரைவிடக் கோணத்தைக் காப்பவரே தப்பிக்கிறார். பதினைந்து வயதுச் சிறுமியும் ஐம்பது வயதுத் தந்தையும் ஒரே களத்தில் கௌரவமாக மோதிக்கொள்ள முடிவது இதனால்தான்.

என் வாதத்துக்கு மிக வலுவான ஆதாரம் இந்த ஆட்டத்தின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. எறிவதற்கு இடைஞ்சலாக ஒரு கிளை நின்றால் அதை ஒடிக்கக் கூடாது, வளைத்துக் கட்டக் கூடாது. களத்தின் நிலையான எந்தப் பொருளும் மிகக் குறைவாக அசையும்படி நின்றுதான் ஆட்டக்காரர் எறிய வேண்டும். மீறினால் தண்டனை எறி சேரும். தட்டு மரத்தில் மாட்டிக்கொண்டால் அதற்கு நேர் கீழிருந்து ஆட்டம் தொடரும். தொலைந்த தட்டைத் தேட 3 நிமிடம்தான். ஆக, மரம் இங்கே சகித்துக்கொள்ளப்படும் இடையூறு அல்ல. ஒரு மரம் விழுந்தால் அந்தக் கூடைக்குரிய சவாலே குலைந்துபோகும் என்பதால், மரம் நிற்பது ஆட்டக்காரரின் சொந்த நலனாகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மேப்பிள் ஹில், தொழில்முறை வீரர்கள் மதிக்கும் கடினமான களங்களில் ஒன்று. அது கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் ஒரு பண்ணைக்குள் அமைந்திருக்கிறது. மரத்தால் வரும் வருமானமும் மரத்துக்கிடையே நடக்கும் ஆட்டமும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் நடக்கின்றன. பனந்தோப்பும் முந்திரித் தோப்பும் வைத்திருக்கும் நம் கடலோர விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

மலையும் காடும் என்றதும் நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வரும். அங்கே கோல்ஃப் நூறாண்டுக்கும் மேலாக ஆடப்படுகிறது. உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஒரு களம் இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது, அதன் பச்சைத் தரையில் காட்டுமாடுகள் மேய்வது பலரும் படமெடுக்கும் காட்சி. அழகான இடங்கள்தாம். ஆனால் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் களத்துக்கு நூறு ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும், புல்லை ஓயாமல் வெட்ட வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும். ஆடுவதற்கு உறுப்பினர் அட்டையோ கணிசமான கட்டணமோ வேண்டும். மலையை ரசித்தபடி ஆடும் வாய்ப்பு இவ்வளவு காலமாக மிகச் சிலருக்கே வாய்த்திருக்கிறது. டிஸ்க் கோல்ஃப் அந்த வாய்ப்பை எல்லோருக்கும் திறந்துவிடக்கூடியது. ஆனாலும் சோலைக்காட்டிலோ யானை நடமாடும் வழித்தடத்திலோ ஒரு கூடைகூட ஊன்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் திருப்ப மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். அந்த வேலி இருக்கட்டும். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்கள், ஏலகிரியின் பூங்காக்கள், மலையடிவாரக் கல்லூரி வளாகங்கள் என ஏற்கெனவே மனிதர் புழங்கும் மரச்சரிவுகள் போதுமான அளவு இருக்கின்றன.

பிறகு ஏன் உப்பூர்? குன்றே இல்லாத, பாக் விரிகுடாக் கரையோரச் சமநிலத்தில் மலைக்காட்டு ஆட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மலைக்களம் கற்றுத்தரும் கட்டுப்பாட்டைச் சமநிலத்திலும் பெற முடியும் என்பதும், மரத்தைக் காக்கும் விளையாட்டு மரம் குறைந்த இடத்தில்தான் அதிகம் தேவைப்படுகிறது என்பதும் என் பதில். இங்கே இருவகை மரங்கள் இருவகைச் சவாலைத் தருகின்றன. பனை நெடுந்தூணாக நிற்கும். அதன் தலைக்குக் கீழே எல்லாம் திறந்த வெளி, ஆனால் தூண்களுக்கு நடுவே நேர்கோட்டில் எறிந்தாக வேண்டும். நடுவில் ஒரு வடலிக் கூட்டம் வந்தால் தரையிலிருந்து ஆளுயரம் வரை வழி அடைபடும். உடைமரமோ குடை விரித்த மாதிரி தாழப் படர்ந்து நிற்கும். அதன் அடியில் தட்டை இடுப்புயரத்துக்கு மேலே எழாமல் செலுத்த வேண்டும். ஒன்று பக்கச்சுவர், மற்றது கூரை.

ஏற்ற இறக்கத்தின் இடத்தை இங்கே காற்று எடுத்துக்கொள்கிறது. எதிர்க்காற்றில் தட்டு இயல்புக்கு மாறாக வலப்பக்கம் புரண்டு மேலே ஏறும். பின்காற்றில் மிதப்பை இழந்து சீக்கிரம் இடப்பக்கம் விழும். ஐப்பசி முதல் தை வரை வாடை அடிக்கும்போது ஆடிய களம், ஆனி ஆடியில் கச்சான் வீசும்போது வேறு களமாகிவிடும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் முகம் பார்த்துக் கடலுக்குப் போகும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயரம் வேண்டுமென்று கண்மாய்க் கரையைத் தேடிப் போகும் ஆசை வரலாம். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் போன்ற கரைகளின் மேல் நின்று கீழே எறிவது கண்ணுக்கு இனிய யோசனைதான். அதை நான் ஏற்கமாட்டேன். ஒரே இடத்தில் பல காலடிகள் ஊன்றிச் சுழன்றால் மண் தளரும். நீரைத் தேக்கும் கரையில் அந்த ஆபத்தை வரவழைக்கக் கூடாது. கடலோர மணல்மேடுகளுக்கும் இதே பதில்தான்.

உப்பூர் என்றால் இராமேசுவரம் போகும் வழியில் வெயிலுகந்த விநாயகரை வணங்கிச் செல்லும் பக்தர்களுக்கு ஒரு நினைவு. செய்தித்தாள் வாசகர்களுக்கு 1,600 மெகாவாட் அனல்மின் நிலையத் திட்டம். 2021 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மின்சாரத் திட்டத்தையும் விளையாட்டுக் களத்தையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. ஆனால் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும்தான். இப்படிப்பட்ட மாவட்டத்துக்கு முன்னேற்றம் என்று வருவதெல்லாம் நிலத்தை முழுதாக வாரிக்கொண்டு போவதாகவே இருக்கும் என்ற அச்சம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. நிலத்தின் முகத்தை மாற்றாமலும் ஒரு பொதுவசதி வரலாம் என்பதை இங்கே காட்டுவதற்குத் தனி மதிப்பு உண்டு.

அயல்நாட்டு விளையாட்டு எதற்கு, சிலம்பமும் கபடியும் போதாதா என்பது முதலில் எழும் எதிர்ப்பு. சிலம்பத்துக்கும் கபடிக்கும் ஒதுக்கும் ஒரு ரூபாயைக்கூட எடுத்து இதற்குத் தரச் சொல்லவில்லை. ஊர் மைதானம் இல்லாத இடத்தில், மைதானமாக்கவே கூடாத நிலத்தில் ஆடும் ஆட்டம் இது. அதனால் போட்டிக்கே இடமில்லை. 1926இல் கனடாவின் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் தகர மூடிகளை எறிந்து ஆடியதுதான் இதன் மிகப் பழைய பதிவு. கையில் கிடைத்த மூடியை எறிந்து குறிபார்க்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? சென்னையின் கடற்கரைகளிலும் திடல்களிலும் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடப்படுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில், நடுவர் இல்லாமல், தவறைத் தாமே ஒப்புக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. நம் இளைஞர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதை நடத்தும் உலகப் பறக்கும் தட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 2015இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்றது; டிஸ்க் கோல்ஃபும் அதன் குடைக்குக் கீழ் வருவதுதான்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. மரத்தைக் காக்கும் ஆட்டம் என்கிறீர்கள், தட்டு பட்டுப் பட்டு மரப்பட்டை காயப்படாதா, நடந்து நடந்து மண் இறுகிப் புல் சாகாதா? காயப்படும், இறுகும். வெளிநாடுகளில் ஆட்கள் அதிகம் வரும் காட்டுக் களங்களில் எறிமேடையையும் கூடையையும் சுற்றி மண் தேய்ந்து வேர் வெளியே தெரிவது கண்டறியப்பட்ட உண்மை. சரிவான இடங்களில் மழைநீர் அந்தத் தடத்தையே ஓடையாக்கிவிடுகிறது. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் இந்தச் சேதம் எங்கே நிகழும் என்பது முன்கூட்டியே தெரியும், ஆகவே தடுக்கவும் முடியும். எறிமேடைக்குக் கல் பாவலாம், தடத்தில் மரச்சீவல் பரப்பலாம், கூடையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறிடத்துக்கு மாற்றலாம், அடிக்கடி அடிபடும் மரத்தின் முன் ஒரு கம்பம் நடலாம். மெல்லிய பட்டை கொண்ட மரங்கள் நிறைந்த மலைச்சரிவைவிட, வைரம் பாய்ந்த பனை நிற்கும் மணற்பாங்கான சமதரை இந்தச் சேதத்தை எளிதாகத் தாங்கும். முதல் முயற்சியை மலையில் அல்லாமல் கடற்கரை மாவட்டத்தில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். திடல் என்ற பெயரில் ஐம்பது மரங்களை வேரோடு சாய்ப்பதோடு ஒப்பிட்டால், நான்கு மரங்களின் பட்டையில் விழும் தழும்பு சகிக்கக்கூடியதும் ஆற்றக்கூடியதும் ஆகும்.

அந்த நிலம் ஏற்கெனவே யாருக்கோ பயன்படுகிறதே என்பது மூன்றாவது. பனங்காட்டில் ஆடு மேய்கிறது, விறகு பொறுக்குகிறார்கள், மாசிக்குப் பிறகு பதநீருக்காகப் பனை ஏறுகிறார்கள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை: அவர்களின் உரிமைக்குப் பிறகுதான் ஆட்டம். டிஸ்க் கோல்ஃபுக்கு வேலி வேண்டியதில்லை. கூடைகளைக் கழற்றி எடுத்து வைக்க முடியும். பனையேற்றம் நடக்கும் மாதங்களில் அந்தத் தோப்பில் களத்தைச் சுருட்டிவிட வேண்டும். மரத்தின் மேல் ஒருவர் இருக்கும்போது கீழே கனத்த விளிம்புத் தட்டுகள் பறப்பது ஒருநாளும் ஏற்கத்தக்கதல்ல. ஆடு மேய்க்கும் பாதைக்குக் குறுக்கே எந்த எறியும் போகாதபடி களத்தை வரைய வேண்டும், அந்தப் பாதையை அறிந்த ஊர்க்காரர்களே வரைய வேண்டும். கருக்கு மட்டை கையைக் கிழிக்கும், முள் தைக்கும், புதருக்குள் பாம்பு இருக்கும். ஆகவே புதர்ப்பக்கம் போன தட்டை எல்லை தாண்டியதாகக் கொண்டு ஒரு தண்டனை எறியோடு வெளியிலிருந்து ஆடும் விதியைக் கண்டிப்பாக்கலாம்.

மரத்தை விட்டுவை என்ற வாதம் சீமைக்கருவேலத்துக்கும் காவல் ஆகிவிடுமா என்ற கேள்வியும் இந்த மாவட்டத்தில் எழும். ஆகக் கூடாது. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை மாநில அரசு 2022இல் வகுத்திருக்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் வாழ்வு அதில் தொங்குவதால் அகற்றும் வேகம் விவாதத்துக்குரியது, திசை அல்ல. அகற்றிய இடத்தை வெறுந்தரையாக விடாமல் பனை, உடை, வேம்பு, பூவரசு நட்டால், கன்றுகள் உயர்ந்துவரும் ஒவ்வோர் ஆண்டும் களமும் கடினமாகிக்கொண்டே போகும். நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போவதுதான் நம் மரநடு விழாக்களின் தீராத நோய். தங்கள் களம் என்று நினைக்கும் இருபது பிள்ளைகள் அந்தக் கன்றுகளுக்கு நடுவே தினமும் நடமாடினால் நிலைமை மாறும் என்று நம்புகிறேன்.

பணம் இதில் பெரிய தடையல்ல. சங்கிலிக் கூடை என்பது ஒரு குழாய், இரண்டு வளையம், கொஞ்சம் கம்பி, சில முழம் சங்கிலி; தேவிபட்டினத்திலோ இராஜசிங்கமங்கலத்திலோ உள்ள வெல்டிங் பட்டறையில் செய்துவிடலாம். தொடக்கத்தில் கம்பங்களே போதும், ஹெட்ரிக்கின் முதல் களத்தைப் போல. தட்டு நெகிழியால் ஆனது என்பது உண்மை. ஆனால் ஒன்று பல ஆண்டு உழைக்கும், ஒருவருக்கு ஒன்றிரண்டு இருந்தால் கற்றுக்கொள்ளப் போதும். 9 கூடைக் களத்துக்குச் சில ஏக்கர் மரநிலம், ஒரு அறிவிப்புப் பலகை, நடைவழியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குழு, இவ்வளவுதான் தேவை. நீர்பாய்ச்சல் இல்லை. மழையின் பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் பெற்றுக்கொண்டு மீதி மாதங்களில் குடிநீருக்கே குடம் தூக்கும் மாவட்டத்தில், புல்தரை விளையாட்டரங்கத்துக்கு நீர் எங்கிருந்து வரும் என்பதை எந்தத் திட்ட மதிப்பீடும் மறக்கக் கூடாது.

2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகை உபகரணங்களைத் தருவதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெட்டியில் ஊராட்சிக்குப் பத்துத் தட்டுகளையாவது சேர்க்க வேண்டும் என்று விளையாட்டுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட நிர்வாகம் உப்பூர்ப் பக்கத்தில் பனை நிற்கும் பொதுநிலம் ஒன்றை, பனையேறிகளிடமும் மேய்ப்பவர்களிடமும் கலந்து பேசி, ஓராண்டு சோதனைக்குத் தரட்டும்; சென்னையின் அல்டிமேட் ஆட்டக்காரர்கள் வந்து எறியக் கற்றுத்தரட்டும். அந்த ஓராண்டில் மண் எவ்வளவு தேய்ந்தது, எத்தனை மரம் காயப்பட்டது, எத்தனை பெண்பிள்ளைகள் ஆட வந்தார்கள் என்று கணக்கெடுத்து ஊர்ப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊராட்சி விளையாட்டுத் திடலுக்கு இடம் தேடும்போது, மரம் நிற்கும் நிலத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு தீர்மானம் கொடுங்கள்.